ஏழு கிலோவுக்குள் ஒரு ஸ்டூடியோ

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கல்யாண போட்டோகிராபர் ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பல வருஷமாக மண்டபம் மண்டபமாக ஓடியவர். பண்ருட்டியிலிருந்து சிதம்பரம் வரை எங்கே முகூர்த்தம் என்றாலும் காரில் மூட்டை முடிச்சோடு போய் இறங்கிவிடுவார். லைட் ஸ்டாண்டு, குடை, ட்ரைபாட், கிம்பல் எல்லாம் டிக்கியில். மொத்தம் எத்தனை கிலோ என்று ஒரு நாளும் எடை போட்டுப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

ஒரு நாள் அந்தமானிலிருந்து போன். சிதம்பரத்தில் அவர் எடுத்த கல்யாண ஆல்பத்தைப் பார்த்த உறவுக்காரர்கள். போர்ட் பிளேரில் தமிழ்க் குடும்பங்களுக்குப் பஞ்சமே இல்லை. 2024 செப்டம்பரில் ஊர்ப் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனாலும் பேச்சில் இன்னும் பழைய பெயர்தான்.

"தம்பி, நீங்களே வந்து எடுத்துக் குடுக்கணும். பிளேன் டிக்கெட் நாங்க போட்டுடறோம். கேமராவெல்லாம் பத்திரமா கொண்டாந்துடுங்க."

"அதுக்கென்னங்கம்மா, வந்துடறேன்."

போனை வைத்த பிறகுதான் உதவியாளர் பையன் கேட்டான். "அண்ணே, பிளேன்ல இவ்வளவையும் விடுவாங்களா?"

கடலூர் மாவட்டத்து ஸ்டூடியோக்காரர்கள் பலரும் இன்று இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள். பெங்களூர், ஐதராபாத், மும்பை, துபாய் என்று கல்யாணங்கள் பரவிவிட்டன. எதிர்த் திசையிலும் இப்படித்தான். சிவராத்திரி சமயத்தில், 1981-ல் தொடங்கிய சிதம்பரம் நாட்டியாஞ்சலிக்கு ஆட வருபவர்களும் படமெடுக்க வருபவர்களும் விமானம் ஏறித்தான் வருகிறார்கள். பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் பறவை எடுக்க வருபவரின் தோளில் ஒரு காரின் விலைக்கு லென்ஸ் தொங்கும்.

முதல் சிக்கல் எடை. உள்நாட்டு விமானங்களில் கையோடு எடுத்துப்போகும் பைக்குப் பெரும்பாலும் 7 கிலோ, அளவு 55×35×25 சென்டிமீட்டருக்குள். செக்-இன் பெட்டிக்கு வழக்கமாக 15 கிலோ. 7 கிலோ என்பது கேட்கும்போது நிறைய என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். நடுத்தரமான முழு ஃபிரேம் கேமரா ஒன்று, உதாரணமாக சோனி ஏ7 நான்காம் பதிப்பு, பேட்டரியோடு 658 கிராம். கல்யாணத்துக்கு இரண்டு வேண்டும். 24-70 லென்ஸ் 695 கிராம், 70-200 லென்ஸ் 1,045 கிராம், மண்டப இருட்டுக்கு ஒரு 35 எம்எம் 524 கிராம். இதுவே மூன்றரைக் கிலோ தாண்டியாயிற்று. இரண்டு ஃபிளாஷ் ஒரு கிலோ. பேட்டரி ஆறு அரைக் கிலோ. சார்ஜர், ஒயர், கார்டு, ஹார்டு டிஸ்க் இன்னொரு அரைக் கிலோ. ஐந்தரைக் கிலோவுக்கு வந்துவிட்டது, இன்னும் பையின் எடை சேரவில்லை, லேப்டாப்பும் சேரவில்லை.

இங்கேதான் பலரும் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள். இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்து, பெலிகன் மாதிரியான கெட்டிப் பெட்டி ஒன்றை ஆர்டர் செய்துவிடுகிறார்கள். மேலேறி நின்றாலும் உடையாத பெட்டிதான், சந்தேகமில்லை. ஆனால் கேபினுக்குள் போகும் அளவில் உள்ள 1510 என்ற பெட்டி, காலியாக இருக்கும்போதே 5 கிலோவுக்கு மேல். 7 கிலோ கணக்கில் 5 கிலோவைப் பெட்டிக்கே கொடுத்துவிட்டால் மிச்சத்தில் என்ன வைப்பது? எடைக் கட்டுப்பாடு தளர்வாக உள்ள நாடுகளுக்குச் சரியான பொருள் அது. இங்கே கையில் எடுத்துப்போக, ஒன்றரைக் கிலோவுக்குள் இருக்கும் சாதாரண முதுகுப் பையும், உள்ளே மடிக்கும் ஸ்பாஞ்சுத் தடுப்பும்தான் புத்திசாலித்தனம். வெளியே கேமரா கம்பெனி பெயர் பெரிதாக அச்சிட்ட பை வேண்டாம். பார்க்க காலேஜ் பையன் பை மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.

லேப்டாப்புக்குத் தனிச் சிறு பை அனுமதி உண்டா என்பது விமானத்துக்கு விமானம், டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும். கவுண்டரில் நின்று வாதாடுவதைவிட, டிக்கெட் போடும்போதே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுவது மேல். படித்த பக்கத்தை போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது அதைவிட மேல். எடை கூடுகிறது என்றால் வீட்டிலிருந்தே ஆன்லைனில் கூடுதல் செக்-இன் எடை வாங்கிவிடலாம். விமான நிலையத்தில் போய்க் கட்டுவதைவிடக் குறைவாகத்தான் வரும். அந்தக் காசைக் கல்யாண வீட்டாரிடம் முன்பே சொல்லி, பேசிய தொகையில் சேர்த்துக்கொள்வதில் ஒரு கூச்சமும் தேவையில்லை.

சரி, எது மேலே கையோடு, எது கீழே பெட்டியில்? உடைந்தால் கல்யாணமே நின்றுபோகும் பொருள் கையோடு. உடைந்தாலும் அந்த ஊரில் வாடகைக்குக் கிடைக்கிற பொருள் பெட்டியில். கேமரா, லென்ஸ், கார்டு, பேட்டரி கையோடு. லைட் ஸ்டாண்டு, குடை, சாஃப்ட்பாக்ஸ், ட்ரைபாட், ஒயர் பெட்டியில். ட்ரைபாடைக் கையோடு எடுத்துப்போனால் பாதுகாப்புச் சோதனையில் இருப்பவர் விட்டாலும் விடுவார், திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார். நல்ல கம்பு மாதிரி இருக்கிறதே, அவர் யோசிக்கத்தானே செய்வார். திருப்பி அனுப்பினால் செக்-இன் கவுண்டருக்கு ஓடி, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அந்த விளையாட்டு வேண்டாம். ட்ரைபாடின் தலையைக் கழற்றித் துணியில் சுற்றி, காலைத் தனியாகப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். திருகு சாவி, சிறு கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் அதோடேயே.

லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றித்தான் வைக்க வேண்டும். பெரிய லென்ஸ் மாட்டியபடியே பையில் கிடந்தால், பை ஒரு முறை தடாலென விழும்போது முழு எடையும் அந்த மவுண்ட் வளையத்தில் போய் இறங்கும். கண்ணாடி உடையாது, கேமரா வேலை செய்வது போலத்தான் இருக்கும், ஆனால் படத்தில் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும். ஆல்பம் போடும்போதுதான் அது கண்ணில் படும்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், பொருளுக்கு உண்மையான ஆபத்து வானத்தில் அதிகம் இல்லை. சரக்கு அறையிலும் பயணிகள் அறை அளவுக்கே காற்றழுத்தம் உண்டு. லென்ஸ் வெடித்துவிடும் என்பதெல்லாம் கதை. பெட்டி அடிபடுவது கன்வேயர் பெல்ட்டிலும், ஏற்றி இறக்கும் கைகளிலும்தான். அதற்கும் முன்னால் ஓர் ஆபத்து இருக்கிறது. கடலூரிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ கிளம்பும் பஸ். பஸ்ஸின் பக்கவாட்டு டிக்கியில், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்த பை, சாலையில் இருக்கும் ஒவ்வொரு பள்ளத்தையும் எண்ணிக்கொண்டே வரும். தொடர்ந்த அதிர்வில் லென்ஸுக்குள் இருக்கும் கடுகு அளவு ஸ்க்ரூக்கள் தளர்ந்துவிடும். பஸ்ஸில் கேமரா பை மடியில் இருக்க வேண்டும். இடமில்லை என்றால் காலடியில், துண்டை மடித்துப் போட்டு அதன் மேல். ரயிலில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தாம்பரத்தில் இறங்கி லோக்கல் ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரே விமான நிலையம். பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் இறங்கி இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் அந்த நிலையம் திறந்த பிறகு, தெற்கேயிருந்து வருகிறவர்களுக்கு ஒரு ஏற்றி இறக்குதல் கூடிவிட்டது. ஒவ்வொரு ஏற்றி இறக்குதலும் பை கீழே விழ ஒரு வாய்ப்பு.

கடலூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறதே என்று கேட்கலாம். 2024 டிசம்பரில் அங்கிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மறுபடி விமானம் தொடங்கியது. முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம், பெரிய நிம்மதி. ஆனால் பறப்பது ஏடிஆர் 72 என்ற இறக்கைச் சுழலி விமானம். எழுபது, எண்பது பேர்தான். தலைக்கு மேலே இருக்கும் சாமான் அறை ஜெட் விமானத்தில் இருப்பதைவிடச் சின்னது. சக்கரம் வைத்த கேபின் பெட்டி பல நேரம் அதற்குள் போகாது. "சார், இதைக் கீழே போட்டுடறோம், இறங்கும்போது வாங்கிக்கோங்க" என்று படிக்கட்டு அருகிலேயே வாங்கிவிடுவார்கள். அவர்கள் சொல்வதில் தப்பில்லை, இடமில்லை. எனவே சக்கரப் பெட்டியைவிட, சீட்டுக்கு அடியில் அமுங்கி நுழையும் மென்மையான பைதான் அந்த விமானத்துக்கு. நெய்வேலியிலும் ஓடுதளம் இருக்கிறது, உடான் திட்டப் பட்டியலிலும் பெயர் வந்தது. விருத்தாசலத்துக்காரர்களும் சிதம்பரத்துக்காரர்களும் அதைப் பற்றி வருஷத்துக்கு ஒரு முறையாவது பேசிக்கொள்கிறார்கள்.

படிக்கட்டு அருகில் பையை வாங்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காக ஓர் ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். கேமரா பைக்குள்ளேயே ஒரு சின்னத் துணிப்பை. அதில் பேட்டரி முழுவதும், கார்டு முழுவதும். பையைக் கொடு என்று கேட்டால், துணிப்பையை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, ஒரு கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மீதியைக் கொடுக்கலாம். பேட்டரியை உருவாமல் கொடுப்பது சட்டப்படியும் தப்பு.

பேட்டரிக் கதை கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டியது. கேமராவுக்கு வெளியே தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டியில் போகக்கூடாது. உலகம் முழுக்க இதே விதி. பவர் பேங்கும் பேட்டரி கணக்குத்தான். கெடுபிடிக்காகப் போட்ட விதி இல்லை இது. லித்தியம் பேட்டரிக்குள் எங்கேயாவது ஷார்ட் ஆனால், அது தன்னைத்தானே சூடேற்றிக்கொண்டே போகும். ஒரு செல் பற்றினால் பக்கத்துச் செல்லும் பற்றும். சரக்கு அறையில் தீயணைக்கும் வாயு இருக்கிறது, சுவாலையை அடக்கும், ஆனால் உள்ளே நடக்கும் அந்தச் சூடேற்றத்தை நிறுத்தாது. பயணிகள் அறையில் என்றால் யாராவது புகையைப் பார்ப்பார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பார்கள். 2010 செப்டம்பர் 3-ந் தேதி துபாயில் ஒரு சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து விமானிகள் இருவரும் இறந்தார்கள். அதில் ஏராளமான லித்தியம் பேட்டரிகள் ஏற்றப்பட்டிருந்தன. பயணிகள் விமானத்தில் லித்தியம் அயான் பேட்டரியைச் சரக்காக அனுப்புவதையே 2016 ஏப்ரல் முதல் சர்வதேச அளவில் நிறுத்திவிட்டார்கள். 2025 ஜனவரியில் தென் கொரியாவின் பூசானில், கிளம்பத் தயாராக நின்ற விமானம் ஒன்று எரிந்தது. மேலே சாமான் அறையில் இருந்த பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு உலகெங்கும் கெடுபிடி கூடியது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டது.

எவ்வளவு பெரிய பேட்டரி போகலாம் என்பதற்கு ஓர் எளிய பெருக்கல் உண்டு. வோல்ட்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்கினால் வாட்-ஹவர். 100 வாட்-ஹவர் வரை கையோடு எடுத்துப்போகலாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு, உபரியாக அதிகபட்சம் இரண்டு. 160-க்கு மேல் கிடையவே கிடையாது. சோனி கேமரா பேட்டரி 7.2 வோல்ட், 2,280 மில்லி ஆம்பியர்-ஹவர். பெருக்கினால் 16.4 வாட்-ஹவர்தான், கவலையில்லை. 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 3.7 வோல்ட் கணக்கில் 74, அதுவும் சரி. 30,000 எம்ஏஎச் என்றால் 111, அனுமதி கேட்க வேண்டும். வீடியோக்காரர்கள் மாட்டும் செங்கல் மாதிரி பேட்டரியில்தான் மாட்டிக்கொள்வார்கள். 14.8 வோல்ட்டில் 6.6 ஆம்பியர் என்றால் 98, தப்பிக்கும். 10 ஆம்பியர் என்றால் 148. 13 ஆம்பியர் என்றால் 192, வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். பேட்டரி மேல் அச்சிட்ட எழுத்து தேய்ந்திருந்தால் சோதனை செய்பவர் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. லேபிள் கிழிந்த பழைய பேட்டரியைப் பயணத்துக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது. உப்பிய பேட்டரியை எடுக்கவே கூடாது.

ஒவ்வொரு பேட்டரியின் செப்பு முனைகளும் மூடியிருக்க வேண்டும். மூடி தொலைந்துபோயிருந்தால் செல்லோ டேப் ஒட்டினால் போதும். சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் அறையில் பேட்டரியைப் போட்டால் அதுதான் ஷார்ட் ஆகும் வழி. பெரிய ஃபிளாஷ் விளக்கைப் பெட்டியில் அனுப்புவதானால் அதன் பேட்டரியைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியைச் சோதனைக்குத் திறந்து, உரியவரை ஒலிபெருக்கியில் கூப்பிடுவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

இவ்வளவையும் படித்துவிட்டு, நூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால் எப்படி எடுத்துப்போனார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், 1857-58-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். பெட்டி பெட்டியாகக் கருவிகளும் ரசாயனங்களும் மாட்டு வண்டியில். தமிழ்நாட்டு வெயிலில், குலுங்கும் வண்டியில், அவர் பெரும்பாலும் நம்பியது மெழுகு தடவிய காகித நெகட்டிவை. காகிதம் உடையாதே!

காகிதம் இல்லாவிட்டாலும் ஃபிலிம் மறுபடி வந்திருக்கிறது. தாத்தா வைத்திருந்த கேமராவைத் தூசு தட்டி எடுக்கும் பிள்ளைகள் சிதம்பரத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: கழுவாத ஃபிலிமைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, அங்கே எக்ஸ்ரே பல மடங்கு வீரியம். கைப்பைக்கும் சில விமான நிலையங்களில் புது வகை சிடி ஸ்கேனர் வந்துவிட்டது, அதுவும் ஃபிலிமைக் கெடுக்கும். கண்ணாடிக் கவரில் தனியாக வைத்து, "இதைக் கையால் பார்த்துடுங்க சார்" என்று தன்மையாகக் கேட்டுப் பார்க்கலாம். மெமரி கார்டுக்கு எக்ஸ்ரேயால் ஒன்றும் ஆகாது.

இனி பணம். பெட்டி தொலைந்தாலோ உடைந்தாலோ என்ன கிடைக்கும்? உள்நாட்டுப் பயணத்தில் விமான நிறுவனத்தின் பொறுப்பு ஒரு பயணிக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய். மேலே சொன்ன 70-200 லென்ஸ் ஒன்றே இரண்டு லட்சத்தைத் தாண்டும். அதில் பாதிக்கு மேல் இன்னும் மாதத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். தவணைக்காரர் லென்ஸ் உடைந்த கதையைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். வெளிநாட்டுப் பயணம் என்றால் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்டிஆர் வரை, சுமார் ஒன்றே முக்கால் லட்ச ரூபாய். அது உச்ச வரம்புதான், கேட்டதும் எடுத்து நீட்டும் தொகை இல்லை. போதாதற்கு, கேமரா மாதிரி உடையக்கூடிய, விலையுயர்ந்த பொருளைச் செக்-இன் பெட்டியில் வைக்காதே என்று பல நிறுவனங்கள் தங்கள் நிபந்தனையிலேயே எழுதிவைத்திருக்கின்றன. வைத்தது யார் தப்பு என்றுதான் முதல் கேள்வி வரும். பொருளின் மதிப்பை முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து, கூடுதல் கட்டணம் கட்டி, வரம்பை உயர்த்திக்கொள்ளும் வழி அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. கவுண்டரில் கேட்டுப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

உண்மையான பாதுகாப்பு தனி இன்ஷூரன்ஸ்தான். கடையில் திருட்டு, தீ என்று மட்டும் போட்ட பாலிசி பயணத்துக்கு உதவாது. பொருள் கடைக்கு வெளியே, வண்டியில், வெளியூரில் இருக்கும்போதும் செல்லுமா என்று ஏஜென்டிடம் கேட்டு, அந்த வரியை அவரே விரல் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேமரா, லென்ஸின் சீரியல் நம்பர், பில், ஒரு போட்டோ இவை மூன்றும் போனிலும் இருக்க வேண்டும், வீட்டில் மனைவியின் போனிலும் இருக்க வேண்டும். பை தொலையும்போது போன் அதே பையில் இருந்த கதைகள் உண்டு.

பெட்டி வராவிட்டாலோ, ஒரு மூலை நசுங்கி வந்தாலோ, விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் சாமான் கவுண்டரில் புகார் எழுதி, நகல் வாங்கிவிட வேண்டும். பிஐஆர் என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். வெளிநாட்டுப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். வெளியே டாக்சி காத்திருக்கிறது, மாப்பிள்ளை அழைப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டால், பிறகு அந்த நசுங்கல் எங்கே ஆனது என்று நிரூபிப்பது பெரும்பாடு.

துபாய், சிங்கப்பூர் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். இங்கே வாங்கிய விலையுயர்ந்த கேமராவை வெளியே எடுத்துப்போகும்போது, சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று ஒன்று வாங்கிக்கொள்ளலாம். திரும்பி வரும்போது 'இது அங்கே வாங்கியது, வரி கட்டு' என்ற பேச்சுக்கே இடமிருக்காது. பெரிய குழுவாக, லட்சக்கணக்கில் கருவியோடு போகிறவர்களுக்கு ஏடிஏ கார்னே என்ற ஆவணம் உண்டு, இந்தியாவில் ஃபிக்கி அமைப்பு கொடுக்கிறது. இரண்டாவது, சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளத்துக்குப் படம் எடுப்பது பல நாடுகளில் வேலை செய்வதாகவே கருதப்படும். கல்யாண வீட்டார் "சொந்தக்காரர்னு சொல்லிடுங்க" என்பார்கள். மாட்டிக்கொண்டால் நிற்கப்போவது கேமரா பையோடு இருப்பவர்தான்.

எதிர்த் திசையில் வருகிறவர்களுக்கும் ஒன்று. பரங்கிப்பேட்டையிலும் சிதம்பரத்திலும் வளைகுடா, சிங்கப்பூர் உறவு இல்லாத தெருவே குறைவு. "மாமா, வரும்போது ஒரு டிரோன் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு இந்தியாவில் தடை, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. மாமா பாவம், லீவில் ஊருக்கு வந்த முதல் நாளே சுங்கத்தில் நிற்க வைக்க வேண்டாம்.

அந்தமான் கல்யாணத்துக்கு வருவோம். போர்ட் பிளேர் விமான நிலையத்தின் ஓடுதளம் கடற்படையோடு பகிர்ந்துகொள்வது. இறங்கும்போது கடல் அவ்வளவு நீலமாக இருக்கும், கழுத்தில் கேமரா தொங்கும், கை துறுதுறுக்கும். அங்கே எடுக்கக்கூடாது. இறங்கியதும் அடுத்த சோதனை ஈரக்காற்று. இரண்டு மணி நேரம் ஏசியில் குளிர்ந்த லென்ஸை, மழைக்காட்டுத் தீவின் காற்றில் சட்டென எடுத்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். வெளியே படிந்ததைத் துடைக்கலாம், உள்ளே படிந்தால் பூஞ்சைக்கு விதை போட்ட மாதிரி. பையை மூடியபடியே ஒரு மணி நேரமாவது அறையில் வைத்துவிட வேண்டும். கடலூர்க்காரருக்கு இது புதிதில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் படமெடுத்து, உப்புக் காற்றில் பிசுபிசுத்த கேமராவைத் துடைத்தே பழகிய கை.

கல்யாணம் முடிந்ததும் பையின் மதிப்பு தலைகீழாக மாறிவிடுகிறது. வரும்போது லட்ச ரூபாய் லென்ஸ் பெரிது, போகும்போது விரல் நகம் அளவு கார்டு பெரிது. லென்ஸ் போனால் கடனோ உடனோ வாங்கி இன்னொன்று வாங்கலாம். தாலி கட்டிய நிமிஷத்தை இன்னொரு தரம் எடுக்க முடியாது. பேரனுக்கு அட்சதை போட்ட அந்தத் தொண்ணூறு வயதுப் பாட்டி அடுத்த கல்யாணத்துக்கு இருப்பாரோ என்னவோ. இரண்டு கார்டு போடும் வசதி உள்ள கேமராவில் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைக்க வேண்டும். ராத்திரி எவ்வளவு களைப்பாக இருந்தாலும் தூங்குவதற்கு முன் இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றிவிட வேண்டும். ஒன்று போட்டோகிராபர் பையில், இன்னொன்று உதவியாளர் பையில். இரண்டையும் ஒரே பையில் வைத்தால் ஒரு பிரதிக்குச் சமம். கார்டு சட்டைப் பையில் இல்லை, பட்டன் போட்ட பேன்ட் பையில். கார்டை வீட்டுக்கு வந்து ஆல்பம் முடியும் வரை அழிக்கக்கூடாது.

திரும்பும் விமானத்தில் கவுண்டரில் இருந்தவர் பையைத் தராசில் வைத்துப் பார்த்தார். "சார், ஏழு எண்ணூறு இருக்கு."

உதவியாளர் பையன் ஒரு கேமராவை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டான். சார்ஜரை ஜெர்கின் பைக்குள் போட்டான். தராசு ஆறு எழுநூறு காட்டியது. அவரும் சிரித்துவிட்டு டேக் கட்டினார்.

சென்னையில் இறங்கி, கிளாம்பாக்கம் வந்து, கடலூர் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் சொன்னார், "பையை டிக்கில போட்டுடலாமேங்க, ஃப்ரீயா உக்காரலாம்."

"வேணாங்க, மடியிலேயே இருக்கட்டும்."